தம்பி செலக்‌ஷன் ஆன கதை

தென்காசிப் பக்கம் 'பையன் செலக்‌ஷன் ஆயிட்டான்' என்று யாராவது சொன்னால், எதற்கு என்று எதிராளி கேட்க மாட்டார். போலீஸ், இல்லையென்றால் மிலிட்டரி. பேங்கில் வேலை கிடைத்தால் அதை முழுசாகச் சொல்ல வேண்டும். டாக்டருக்குப் படிக்க இடம் கிடைத்தால் எந்த ஊர், எந்தக் காலேஜ் என்று விளக்க வேண்டும். செலக்‌ஷன் என்ற சொல்லை மட்டும் காக்கிக்கும் பச்சைக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். என் அப்பா ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா எஸ்.ஐ.யாக இருந்தவர். தாய்மாமா ராணுவத்திலிருந்து வந்து இப்போது நிலம் பார்க்கிறார். தெருவில் எங்கள் வீட்டுக்கு 'ஏட்டு வீடு' என்றுதான் பெயர்.

அந்த வீட்டில் ஒரே ஆண் பிள்ளை என் தம்பி. அவன் பிறந்தபோதே அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, சேர வேண்டியதுதான் பாக்கி என்கிற மாதிரிதான் எல்லோரும் பேசுவார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அவன் என்ன படிக்கிறான் என்று கேட்டதில்லை, உயரத்தைத்தான் கேட்பார்கள். சுவரோடு நிறுத்தி ஸ்கேலை வைத்துக் கோடு போடுவார் அப்பா. அவனுக்கு நன்றாகப் படம் வரையத் தெரியும். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு கருத்தும் இருந்ததில்லை.

ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில், ராணுவத்திலிருந்து வந்த ஒருவர் பயிற்சி மையம் நடத்தினார். எங்களுக்கெல்லாம் அவர் மாஸ்டர். மையத்தின் வாசலில் பெரிய போர்டு ஒன்று இருக்கும். அதுவரை செலக்‌ஷன் ஆனவர்களின் படங்கள் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வருஷமும் அந்தப் படங்கள் கூடியாக வேண்டும். கூடாவிட்டால் அடுத்த வருஷம் பிள்ளைகள் பக்கத்து மையத்துக்குப் போய்விடுவார்கள். மாஸ்டர் எங்களை விரட்டுகிற விரட்டில் பாதி அந்த போர்டுக்காகத்தான் என்று அப்போதே எனக்குத் தோன்றும்.

நானும் அங்கேதான் ஓடினேன். தம்பிக்குத் துணையாகப் போகிற சாக்கில் ஆரம்பித்து, பிறகு எனக்கே ஆசை வந்துவிட்டது. ஓட்டத்தில் பெண்களில் நான்தான் முதலில் வருவேன். தம்பிக்கு ஓட்டம் சுமார், கயிறு மட்டும் அணில் மாதிரி ஏறுவான். நானும் விண்ணப்பிக்கிறேன் என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன்.

"மொதல்ல அவன் ஆகட்டும்ட்டி. அடுத்த தடவை ஒனக்கு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அலைஞ்சா வீடு தாங்காது" என்றார்.

அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று நம்பிய காலம். சரி என்றேன்.

போலீஸ் செலக்‌ஷன் என்பது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் உடல் தகுதித் தேர்வு, எங்கள் பாஷையில் பிசிக்கல். ஓட்டம், கயிறு, தாண்டுதல். எல்லா மதிப்பெண்ணையும் கூட்டிக் கடைசியாக ஒரு லிஸ்ட் வரும். அந்த லிஸ்டில் பெயர் இருந்தால்தான் வேலை. ஆனால் எங்கள் பக்கம் பையன்கள் விழுவது பெரும்பாலும் பிசிக்கலில்தான். அதனால் பிசிக்கல் தாண்டினால் தாண்டியது மாதிரிதான் என்று ஊரே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது. நிச்சயதார்த்தம் முடிந்தாலே மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற அவசரம்தான் இதுவும்.

தம்பி எழுத்தில் தேறினான். பிசிக்கலில் கயிற்றில் உச்ச மதிப்பெண்ணான டபுள் ஸ்டார் வாங்கினான். மாஸ்டர் மைதானத்திலிருந்தே அப்பாவுக்கு போன் போட்டார்.

"அண்ணாச்சி, பய செலக்‌ஷன்!"

பிசிக்கலில் செலக்‌ஷன் என்று அவர் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. காவல் துறையில் காலம் தள்ளிய மனுஷனுக்கு வித்தியாசம் தெரியாதா? தெரியும். கேட்க விரும்பவில்லை, அவ்வளவுதான். மறுநாள் மாஸ்டரின் போர்டில் தம்பியின் படம் ஏறியது. அடியில் 'பிசிக்கல்' என்று எறும்பு மாதிரி ஒரு எழுத்து இருந்தது. அதைப் பார்க்கக் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும்.

தாய்மாமா சும்மா இருப்பாரா? தெரு முக்கில் வீட்டு உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். தம்பியிடம் யூனிஃபார்ம் போட்ட படம் ஏது? அதற்கெல்லாம் ஃப்ளெக்ஸ் கடையில் தயாராக ஓர் உடம்பு வைத்திருக்கிறார்கள். நெஞ்சை நிமிர்த்திய யாரோ ஒரு போலீஸ்காரரின் உடம்பில் தம்பியின் தலையை வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். தம்பி அதைப் பார்த்துவிட்டு, "எக்கா, கழுத்து சேரவே இல்லியே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். தெருவே லட்டு தின்றது. கடையத்திலிருந்து பெரியப்பா வேன் பிடித்து வந்து மாலை போட்டார்.

பிறகு லிஸ்டும் வந்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள்; தம்பி ட்ரெயினிங் கிளம்பினான். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். பனியன், ஷூ பாலிஷ் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். பஸ் நகரும்போது அவன் அழுதான். வீட்டைப் பிரிகிறான் என்று நினைத்தேன்.

லீவில் வரும்போதெல்லாம் தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பான். யூனிஃபார்மில் ஒரு படம் அனுப்பேன்டா என்றால், "அதெல்லாம் அனுப்பக் கூடாதுக்கா, ஆர்டர்" என்பான். ட்ரெயினிங் முடிந்து அணிவகுப்பு நடக்கும், வீட்டு ஆட்கள் போய்ப் பார்க்கலாம் என்று எனக்குத் தெரியும். நானும் வருகிறேன் என்றேன். கூட்டம் அதிகம், நாங்கள் மட்டும் போய்விட்டு வருகிறோம் என்று அப்பாவும் அம்மாவும் கிளம்பினார்கள். திரும்பி வரும்போது ஸ்வீட் பெட்டியோடு வந்தார்கள். மகன் எப்படி மார்ச் பண்ணினான் என்று அம்மாவிடம் கேட்டேன். "எல்லாவனும் ஒண்ணு போல இருக்கான், எனக்கு எங்க தெரிஞ்சுது" என்றாள். அந்தப் பதிலை நினைத்து நான் பல நாள் சிரித்திருக்கிறேன்.

என்னுடைய 'அடுத்த தடவை' வருவதற்குள் எனக்கு மாப்பிள்ளை வந்துவிட்டது. சுந்தரபாண்டியபுரத்தில் விவசாயக் குடும்பம். சூரியகாந்தி, நெல், கொஞ்சம் தென்னை. ஒரே பையன். சொந்தத்தில் ஒருவரும் அரசாங்க வேலையில் இல்லை. ஊரில் ஏதாவது வரப்புத் தகராறு என்றால், போலீஸ் இருக்கிற வீட்டின் பேச்சுத்தான் எடுபடுகிறது என்று மாப்பிள்ளையின் அம்மாவான அத்தைக்கு நெடுநாளாக ஒரு குறை. எங்கள் வீட்டைத் தேடி வந்ததே அதற்காகத்தான். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

பெண் பார்க்க வந்த அன்று அத்தை நேராகவே கேட்டார். "தம்பி போலீஸ்ல சேந்துட்டான்னாங்களே, இப்ப எங்கன இருக்கான்?"

அப்பாவிடம்தான் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, "அவளையே கேளுங்க. எம் மக பொய் சொல்ல மாட்டா" என்றார்.

சபையில் அப்பா என்னை இப்படிப் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "ட்ரெயினிங் முடிச்சு பட்டாலியன்ல இருக்கான் அத்தை" என்றேன். அத்தை என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "எனக்குத் திருப்தி" என்று சொல்லிவிட்டுப் பூவை எடுத்து வைத்துவிட்டார். கல்யாணத்துக்குத் தம்பி ஒட்ட வெட்டிய தலையோடு வந்து பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினான்.

புகுந்த வீட்டில் தம்பியின் வேலையை அத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். சூரியகாந்தி பூக்கிற நாட்களில் வெளியூர்க்காரர்கள் காரை ரோட்டில் போட்டுவிட்டுப் படம் எடுக்கிறேன் என்று வயலுக்குள் இறங்கி மிதிப்பார்கள். அத்தை வரப்பில் நின்று, "மருமக தம்பி போலீஸு. போன் போடச் சொல்லவா?" என்பார். ஆட்கள் ரோட்டுக்கு ஏறிவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் சின்னச் சண்டை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார். "சொல்லும்மா, ஒந் தம்பி எங்கன இருக்கான்னு இவுகளுக்குச் சொல்லு." நான் சொல்வேன். நான் சொன்னால் அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது.

குற்றாலத்தில் சீசன் நல்ல உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையின் அக்கா குடும்பம் மதுரையிலிருந்து வந்திறங்கியது. அந்தப் பெரியம்மாவுக்கு முழங்காலில் சரியான வலி. நடப்பதே சிரமம். ஐந்தருவியில் ஒரு தடவை நின்றுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து அவரால் நடக்க முடியாது.

"ஒந் தம்பிக்கு ஒரு போனப் போடு" என்றார் அத்தை. அக்கா முன்னால் கேட்கிற குரல் அது, எதிர்ப்பேச்சுக்கு இடமில்லாத குரல்.

போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி நிதானமாகச் சொன்னான். "போங்கக்கா. நான் சொல்லி வைக்கேன். அங்கன நிக்கவங்ககிட்ட எம் பேரச் சொல்லு, விட்ருவாங்க."

இந்தச் சொற்களை நான் மறக்க முடியாது. அவன் தடுமாறவில்லை. பேச்சை மாற்றவில்லை. என் பேரைச் சொல்லு என்று சொன்னான்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் தடுப்பு போட்டிருந்தார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சிப்ஸ் கடை, எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள், ரம்புட்டான் தட்டு என்று ரோடு முழுக்கக் கூட்டம். நான் காரிலிருந்து இறங்கித் தடுப்பில் நின்ற போலீஸ்காரரிடம் போனேன். அத்தை கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, நாங்கள் பேசுவது கேட்கிற தூரத்தில், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கோட்டுத் தொப்பியைத் தள்ளிவிட்டு அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"எக்கா, நீங்களா! என்னத் தெரியலியா? மாஸ்டர் கிரவுண்டுல ஒண்ணா ஓடுவோம்லா."

ஞாபகம் வந்தது. தம்பியோடு ஒரே பேட்சில் இருந்தவன். கயிறு ஏற முடியாமல் பாதியில் தொங்குவான். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நல்ல இடத்தில்தான் சொல்லி வைத்திருக்கிறான் தம்பி என்று நினைத்தேன். "தம்பி சொல்லியிருப்பானே" என்று ஆரம்பித்தேன்.

"தம்பியா? அவன்ட்ட பேசி ரொம்ப நாளாச்சேக்கா. எப்படி இருக்கான்? இன்னும் ஓசூர்லதானா?"

"ஓசூர்ல எந்த ஸ்டேஷன்? பட்டாலியன்லல்ல இருக்கான்?" என்றேன்.

அவன் முகம் மாறியது. விளையாட்டுக்குச் சொல்கிறேனோ என்று என்னைப் பார்த்தான். "ஸ்டேஷனா? ஒரு கம்பெனி செக்யூரிட்டிலல்லாக்கா இருந்தான். பிசிக்கல் பாஸ் பண்ணிட்டு லிஸ்ட்ல பேரு வராம போயிட்டுல்லா, பாவம். கொஞ்சத்துலதான் போச்சு." அப்புறம்தான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்து, "ஒங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றான்.

எனக்குத் தெரியாது. காரிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்கு அந்த நிமிஷம் எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும்.  வாயைத் திறந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

அந்தப் பையன் காரைப் பார்த்தான். பெரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆச்சிக்கு முட்டு வலியாக்கா? இதுக்கு எதுக்கு ஆளுகிட்ட எல்லாம் சொல்லணும், நேரா வந்து கேட்டாலே விட்ருவோம். போங்க, போங்க" என்று தடுப்பை இழுத்து வழிவிட்டான்.

கார் உள்ளே போனது.  அருவியில் நல்ல தண்ணீர். பெரியம்மாவைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். தலையில் அத்தனை தண்ணீர் விழுந்தும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே வந்து துணி மாற்றும்போது அத்தை கேட்டார், "அன்னைக்கு நீதான சொன்ன?"

"ஆமா அத்தை."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரும் வழியில் தென்காசியில் இறக்கிவிடச் சொல்லி, நேராக அப்பா வீட்டுக்குப் போனேன். காலையில் பேசியதற்கு அப்புறம் தம்பியின் போன் அணைந்தே கிடந்தது. அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு நான் நின்றதைப் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. லிஸ்டில் பெயர் இல்லை என்று தெரிந்த அன்றே அப்பா மாஸ்டரிடம் போயிருக்கிறார், போர்டிலிருந்து படத்தை எடுக்கச் சொல்லி. "எடுத்தா ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி அசிங்கம். அடுத்த தடவை பய கண்டிப்பா அடிச்சிருவான், அது வரைக்கும் இருக்கட்டும்" என்றாராம் மாஸ்டர். அது புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற நேரம், அவருக்கு அவர் கவலை. தாய்மாமாவிடம் சொன்னால், ஊரெல்லாம் லட்டு கொடுத்தாச்சு, இனி எந்த மூஞ்சியோடு ஃப்ளெக்ஸைக் கழற்றுவது என்றிருக்கிறார். அடுத்த தடவையும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அதற்கடுத்து வயசு தாண்டிவிட்டது. அணிவகுப்பு பார்க்கப் போகிறோம் என்று போனதும் ஓசூருக்குத்தான், அவன் இருக்கிற அறையைப் பார்க்க. தாய்மாமாவுக்குத் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியும். பெரியப்பா மருமகளுக்குக்கூடத் தெரியும்.

"எனக்கு மட்டும் ஏன்ப்பா சொல்லல?"

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அவருக்குக் கோபம் இல்லை, வெட்கமும் பெரிதாக இல்லை. எனக்கு ஒரு நல்லதை எடுத்துச் சொல்கிறவர் மாதிரிதான் பேசினார். "ஒனக்குத் தெரிஞ்சா ஒன் மொகத்துலயே வந்துரும்மா. ஒனக்குப் பொய் சொல்ல வராது. நீ சொன்னா எல்லாரும் நம்புவாவ. அதான் ஒங்கிட்ட சொல்லாம விட்டோம்."

அந்த வீட்டில் என்னை அடித்திருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள். இந்தப் பாராட்டைப் போல எதுவும் வலித்ததில்லை. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இந்தப் பொய் நிற்க வேண்டுமென்றால் அதை நம்பிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அதற்கு இவள்தான் சரி என்று. எனக்கு வர வேண்டிய செலக்‌ஷனைத் தள்ளிப்போட்ட அதே வீடு, இதற்கு மட்டும் என்னைச் செலக்ட் பண்ணியிருக்கிறது. அம்மா காபி போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரர் நல்ல மனுஷன். "ஒந் தம்பி செக்யூரிட்டியா இருந்தா எனக்கு என்ன, கலெக்டரா இருந்தா எனக்கு என்ன. நீ தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா? அத மட்டும் சொல்லு" என்றார். தெரியாமல்தான் என்றேன். சரி என்று சொல்வதற்குள் அவர் கொஞ்சம் யோசித்தார். அந்தக் கொஞ்சத்தை நான் பார்த்துவிட்டேன்.

சில நாள் கழித்துத் தம்பி போன் போட்டான். அழுதான். அப்பாதான் சொல்ல வேண்டாம் என்றார், தாய்மாமாதான் முடி வெட்டிக்கொண்டு வரச் சொன்னார், தான் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை என்றான். அவன்மேல் எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சுவரில் நிற்க வைத்து அவனை அளந்தார்கள். அவன் யாருடைய உடம்பிலோ தலையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நின்றிருக்கிறான். அதெல்லாம் புரிகிறது. ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

"அன்னைக்குக் காலைல எம் பேரச் சொல்லுன்னியே லே. அத யாரு சொல்லச் சொன்னா?"

 "பழகிட்டுக்கா" என்றான்.

நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. அப்பா வீட்டுக்குப் பண்டிகைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், வருகிறேன். மாஸ்டரின் போர்டில் அவன் படம் இன்னும் இருக்கிறதா என்று நான் பார்க்கப் போகவில்லை.

அத்தை என்னை இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தம்பியைப் பற்றிக் கேட்பதும் இல்லை. சாப்பாடு போடுகிறார், உடம்பு சரியில்லை என்றால் கசாயம் வைத்துக் கொடுக்கிறார். போன மாதம் ஒரு மத்தியானம் கொல்லையில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அத்தை அடுப்படியில் இருந்தார். நான் பின்வாசலில் நின்று, "அத்தை, தூறுது. வத்தல அள்ளிருவோமா" என்றேன்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். என்னைத் தாண்டிப் போய்க் கொல்லைப் படியில் நின்று, உள்ளங்கையை வெளியே நீட்டிப் பார்த்தார். அதில் நாலைந்து துளி விழுந்தது. அதற்கப்புறம்தான் வற்றலை அள்ள ஓடினார்.